மஞ்சள் பை உட்கார்ந்து போன ரயில்

திருநெல்வேலி ஜங்ஷனில் திருச்செந்தூர் வண்டியின் காலிப் பெட்டிகளை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. பெட்டிகள் இன்னும் நிற்கவில்லை. பிளாட்பாரத்து ஜனம் முழுவதும் வண்டியோடு சேர்ந்து ஓடுகிறது. துண்டு பறக்கிறது, குடை பறக்கிறது, கைக்குட்டை பறக்கிறது. எல்லாம் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பலகை இருக்கைகளில் விழுகின்றன.

அந்தக் கூட்டத்தில் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஓடுகிறவள் நான்தான். அப்போது வயது இருபத்து நாலு. திருச்செந்தூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கையில் ஒரு மஞ்சள் பை. அது என்னுடைய பை இல்லை.

டைப்பிங் பரீட்சையில் நான் முதலாவதாக வந்ததைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் தங்கை போன் பண்ணினாள். "எழுதுதது எல்லாம் ஒன் சாமர்த்தியம்தானா? நீ பண்ணின கூத்து ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் இந்த வாரம் கூத்து.

வடை சிறுத்த கதை

குவைத்தில் சண்டை மூண்டிருந்த நேரம். சண்டை எங்கேயோ நடந்தது, அதன் தொல்லை எங்கள் ரயிலில் வந்து ஏறிக்கொண்டது. டீசல் தட்டுப்பாடு என்று பஸ்களைக் குறைத்துவிட்டார்கள். பெட்ரோல் பங்குகளில் கேனும் கையுமாக ஜனம் வரிசையில் நின்றது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ரயிலுக்கு வந்தார்கள். ரயிலோ எப்போது வரும், எங்கே நிற்கும், ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

யாரிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். தலைவலி மாத்திரை கிடைக்கவில்லையா, சண்டை. தபால் வரவில்லையா, சண்டை. எங்கள் அலுவலகத்தில் கார்பன் பேப்பர் தீர்ந்ததற்குக்கூட ஹெட் கிளார்க் சண்டையைத்தான் காரணம் சொன்னார்.

பிளாட்பாரத்தில் வடை விற்கிற அண்ணாச்சியிடம் ஒருவர் கேட்டே விட்டார்.

"என்ன வே, வடை நாளுக்கு நாள் சிறுத்துக்கிட்டே போகுது?"

"குவைத்துல சண்டை நடக்குல்லா?"

"குவைத்துக்கும் உம்ம வடைக்கும் என்ன வே சம்பந்தம்?"

"எண்ணெய் அங்கன இருந்துதான வே வருது!"

அது வேறு எண்ணெய் என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. அவர் முகம் அவ்வளவு கவலையாக இருந்தது.

துண்டுக்கு உள்ள மரியாதை

எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ரயிலோ பஸ்ஸோ கல்யாணப் பந்தியோ, ஓர் இடத்தில் துண்டு விழுந்துவிட்டால் அந்த இடத்தில் ஆள் உட்கார்ந்துவிட்டதாகத்தான் அர்த்தம். துண்டு யாருடையது, அவர் எங்கே இருக்கிறார், வருவாரா மாட்டாரா என்பதெல்லாம் பேச்சே கிடையாது. "ஆள் வருது" என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிற்கிறவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நகர்ந்து விடுவார்.

என் அப்பா இதை வேதமாகவே நம்பினார். ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாவுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு துண்டுக்கும் உண்டு அவரிடம். "ஏட்டி கோமதி, ஒருத்தன் போட்ட துண்ட எடுத்து வச்சுட்டு உக்காரப்படாது, கேட்டியா? அவன் உக்காந்திருக்கையில மடியில ஏறி உக்காருத மாதிரி அது" என்பார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது நடந்த பெரிய யுத்தத்தைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார். ரயில் முழுக்கப் பட்டாளத்தார். அவருடைய தாய்மாமாவுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம். மாப்பிள்ளை ஜங்ஷனில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுக் காப்பி குடிக்க இறங்கினார். வண்டி புறப்பட்டுவிட்டது. அவ்வளவு நெரிசலிலும் அந்தத் துண்டை ஒருத்தரும் தொடவில்லை. அது மாத்திரம் தனியாகத் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. எதிர்கொண்டு அழைக்க வந்த பெண் வீட்டார், "துண்டு வந்துட்டு, மாப்பிள்ளையத்தான் காணல" என்று துண்டை மேளதாளத்தோடு கூட்டிக்கொண்டு போனார்களாம். மேளதாளம் அப்பாவின் கைச்சரக்காக இருக்கும். மற்றது நிஜம் என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

துண்டு போடுவதில் எங்கள் சீசன் டிக்கெட் கூட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஓடுகிற வண்டியில், இரண்டு கம்பிகளுக்கு நடுவில், எந்த மூலை இருக்கையைக் காட்டினாலும் அதில் கைக்குட்டையை விழவைப்பேன். எனக்கு மட்டுமல்லாமல் டீச்சர்களுக்கும் நர்சுகளுக்கும் சேர்த்துப் போடுவேன். அந்தத் திமிர்தான் என்னை மாட்டிவிட்டது.

எங்கள் பெட்டியில் எனக்குச் சரிக்குச் சரி நின்றவள் ஒருத்திதான், பிரகாசி. கடற்கரைக்காரி, ஐம்பதை ஒட்டிய வயது. முதல் நாள் சாயங்கால வண்டியில் கருவாடு கொண்டுவந்து விற்றுவிட்டு, மகள் வீட்டில் படுத்திருந்து, காலை வண்டியில் வெறுங்கூடையோடு திரும்புவாள். நாங்கள் அத்தனை பேர் விழுந்தடித்து ஏறுவதற்குள் அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள். எப்படி ஏறினாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எங்கள் வீடு சைவ வீடு. கூடை வெறுமையாக இருந்தாலும் வாசனை இருக்கும். நான் முந்தானையால் மூக்கைப் பொத்துவேன். அவள் வேண்டுமென்றே கூடையை என் பக்கம் நகர்த்துவாள். "மூக்க மூடுதவ மொதல் வகுப்புல போகணும் பிள்ள" என்பாள். எங்களுக்குள் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை என்றால் சண்டைதான்.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

நான் மாட்டிய அன்றைக்குக் கந்த சஷ்டி வேறு. பச்சையும் காவியும் உடுத்திய பக்தர்கள் பிளாட்பாரம் கொள்ளாமல் நின்றார்கள். விரதத்தில் எல்லாருக்கும் முகம் வாடி, குரல் மட்டும் வாடாமல் இருந்தது. வண்டி ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெட்டாத தாடி, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. ஒரு தூணை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மதராஸ் வண்டியில் வந்து இறங்கியவர் என்று தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார்.

"அண்ணாச்சி, எங்க போணும்?" என்று கேட்டேன்.

"காயல்பட்டணம்மா."

"இங்கன தூணப் பிடிச்சுட்டு நின்னா நாளைக்குத்தான் போவிய. பையக் குடுங்க, எடம் போட்டுத் தாரேன்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெட்டிகள் வந்துவிட்டன. நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். ஓடினேன். ஒரு ஜன்னலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பையைச் செருகி உள்ளே தள்ளினேன். நல்ல இடத்தில் விழுந்தது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். "வாங்க, ஏறுங்க!" என்று கத்தினேன்.

ஏறுவது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்தப் பெட்டியின் வாசலில் எங்களுக்கு முன்னால் நூறு பேர். ஓர் அலை எங்களைப் பின்னுக்குத் தள்ளியது, இன்னோர் அலை பக்கவாட்டில் கொண்டுபோனது. விசில் ஊதியபோது நாங்கள் இருவரும் மூன்று நான்கு பெட்டி தள்ளி வேறொரு வாசல்படியில் நசுங்கிக்கொண்டிருந்தோம். பெட்டிக்குப் பெட்டி உள்ளே வழி கிடையாது. பை ஒரு பெட்டியில் போகிறது, நாங்கள் ஒரு பெட்டியில் போகிறோம்.

"பயப்படாதிய அண்ணாச்சி, பை எங்கயும் போவாது. எடம் போட்ட பைய ஒருத்தரும் தொடமாட்டாவ" என்றேன்.

  வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அதுலே ஹனீபாவோட குரல் இருக்கும்மா."

பைக்குள் இருந்தது

அவர் பெயர் செய்யது. காயல்பட்டினத்தில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள், ஊருக்கே அவர் செய்யது காக்கா. குவைத்தில் ஒரு கடையில் பதினைந்து வருஷம் வேலை. வளைகுடாவிலிருந்து வருகிற காயல்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். வாடகைக் கார், கூரை மேல் பெட்டிகள், காருக்கு முன்னால் வந்து சேரும் அத்தர் மணம். இவர் உடுத்திய துணியோடு எல்லை தாண்டி, பாலைவனத்தில் கூடாரம் போட்டுப் படுத்து, விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து மூன்று ரயில் மாறி வந்திருக்கிறார். பை மதராஸில் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்தது. அதில் ஒரு கைலி, ஒரு சட்டை, ஒரு கேசட்.

ஹனீபா அவருடைய அறையில் கூட இருந்த பையன். ஒரே தெரு. அரபி வீட்டில் டிரைவர். அவன் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. முதலாளி குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். காகிதம் இல்லாதவனை எல்லையில் விடமாட்டார்கள். அதனால் செய்யது காக்கா கிளம்பும்போது அவன் அங்கேயே நின்றுவிட்டான். ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேலேயே தன் பேச்சைப் பதிந்து கொடுத்திருக்கிறான்.

"ஊர்லே அவன் மவுத்தாயிட்டான்னு சேதி பரவிட்டாம், மதராஸ்லே சொன்னாங்க. ரெண்டரை மாசமா கடுதாசி கிடையாது, போன் கிடையாது. வீட்லே பொண்டாட்டி பிள்ளை பெத்து நாப்பது நாள் ஆகுது. ஆணா பொண்ணான்னுகூட அவனுக்குத் தெரியாது."

"நீங்க போய்ச் சொல்லலாம்லா அண்ணாச்சி, அவாள் உசிரோட இருக்காவன்னு?"

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைப்பாங்க. நானே அவனை விட்டுட்டு ஓடி வந்தவன்தானே? அவன் வாயாலே கேட்டாத்தான் நம்புவாங்க."

 பிறகு என்னைத் திட்டாமல், குரலை உயர்த்தாமல், தன்னிடமே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்.

"பதினோரு நாள் மணல்லே கிடந்தேன். தூங்குறப்பகூட அதைக் கையை விட்டு இறக்கலை. இவ்வளவு தூரம் கொண்டுவந்துட்டு, நம்ம ஊரு வந்தாச்சுன்னு இருந்துட்டேம்மா."

 அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் கேட்காமல் உதவி செய்யப் போன என் கையை அங்கேயே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

எல்லார் கையிலும் மஞ்சள் பை

செய்துங்கநல்லூரில் வண்டி நிற்கு முன்பே குதித்தேன். எந்த ஜன்னல் என்று எனக்கு நினைவில்லை. அத்தனை பெட்டியும் ஒரே நிறம், அத்தனை ஜன்னலிலும் ஒரே நெரிசல்.

"எய்யா, அம்மா, ஜங்ஷன்ல ஒரு மஞ்சப் பை உள்ள விழுந்துச்சா?" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"இதா?" என்று ஒருவர் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினார். "இதா பாரும்மா" என்று இன்னொருவர். "எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு" என்று அடுத்த ஜன்னல். கந்த சஷ்டிக்குப் போகிற ஜனத்தில் மஞ்சள் பை இல்லாத கை ஏது? அத்தனை பேரும் உதவி செய்கிற ஆசையில் அவரவர் பையை உயர்த்திக் காட்டினார்கள். ஒரு பெட்டியிலிருந்து விபூதிப் பிரசாதப் பை ஒன்றை என் கையிலேயே திணித்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. ஓடிவந்து தொற்றினேன். செய்யது காக்காதான் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார்.

"கிடைக்கும்மா, நீ விழுந்து வைக்காதே" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது.

நடுவில் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். யாராவது ஒருத்தர் தன் பை என்று நினைத்து அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினால் தீர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் போகிற முதுகுகளையும் அவற்றில் ஆடுகிற மஞ்சள் பைகளையும் பார்த்து என் கண் வலித்தது.

நல்ல தாமதம்

ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றது. எதிர் வண்டி வந்தால்தான் நகரும் என்றார்கள். எதிர் வண்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கமாக அங்கே நின்றால் முதலில் வாயைத் திறந்து ஏசுகிறவள் நான். அன்றைக்கு மட்டும், எதிர் வண்டி மத்தியானம் வரை வராமல் இருக்கட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நீங்க எஞ்சின் பக்கம் இருந்து வாங்க. நான் கார்டு பெட்டியில இருந்து வாரேன்" என்றேன். இந்த முறை ஓடவில்லை. ஒவ்வொரு ஜன்னலாக நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பெட்டியைத் தாண்டும்போது, பையைப் பார்ப்பதற்கு முன்னால் சண்டை காதில் விழுந்தது.

"மனுசன் நிக்க எடமில்லாம ஒத்தக் கால்ல நிக்கான். ஒரு பைக்கு தனியா எடமா?" மொட்டை போட்ட ஒரு பெரிய ஆள், குரலும் பெரிசு.

"ஆள் வருதுன்னு சொன்னம்லா?"

"எங்கன வருது? பாளையங்கோட்டையிலயும் வருதுன்ன, செய்துங்கநல்லூர்லயும் வருதுன்ன. ஆளு என்ன நடந்தா வருது?"

"பை போட்டுட்டுப் போனவ வராமலா போவாவ? மெதுவாப் பேசும். எடத்தத் தொட்டிய, கூடையாலயே போடுவேன்."

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் மனிதர்கள் மேலே சாமான் வைக்கிற பலகையில் இருந்தார்கள், தரையில் இருந்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அத்தனைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதில் மஞ்சள் பை மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பிரகாசி. ஒரு கை பையின் மேல், இன்னொரு கை கூடையின் மேல்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"நீயா? ஒனக்கா பிள்ள நான் இவ்வளவு பேர்ட்ட ஏச்சு வாங்கிட்டுக் கெடந்தேன்?"

"எனக்கில்ல பிரகாசியக்கா." அக்கா என்று அவளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூப்பிட்டேன். "வேற ஒருத்தரு பை. நாந்தான் பிடுங்கிப் போட்டேன்."

"உள்ள என்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

"கைலி, சட்டை, ஒரு கேசட்டு."

அவள் பையைத் திறந்து பார்த்தாள். "பாட்டுக் கேசட்டுக்கா இவ்வளவு பாடு?" என்றாள்.

சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, ஹனீபாவையும் நாற்பது நாள் பிள்ளையையும் பற்றிச் சொன்னேன்.  மொட்டை போட்டவர் அந்த இடத்தை ஒட்டி வைத்திருந்த முழங்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிரகாசி பையை மூடினாள். உள்ளே கைவிட்டதற்காகவோ என்னவோ, கையைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

"பையக் குடுங்கக்கா, அவாள்ட்ட குடுத்துருதேன்."

"பை எடத்துலதான் கெடக்கும். பைய எடுத்தா இந்த மொட்டை உக்காந்துருவான். போய் ஆளக் கூட்டிட்டு வா."

செய்யது காக்காவை அழைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் ஏற முடியாது என்று தெரிந்ததும் அந்த மொட்டை போட்டவரே வழி பண்ணினார். "விலகுங்க வே, எடத்துக்கு உள்ள ஆளு வந்தாச்சு" என்று இரண்டு பக்கமும் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து, காக்காவின் அக்குளில் கைகொடுத்து உள்ளே தூக்கினார். அந்த இடுக்கில் நானும் புகுந்துவிட்டேன்.

பிரகாசி பையை எடுத்துக் காக்காவின் கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். கேசட் இருக்கிறதா என்று துணிக்கு மேலேயே தடவிப் பார்த்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, ஒரு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. வெட்கப்பட நேரமில்லை.

"ஒங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன் தாயி" என்றார் பிரகாசியிடம்.

"என்ன செய்யணும்? கடலுக்குப் போன ஆளுக்குச் சோத்த எடுத்து வச்சுட்டுத்தான நாங்க திங்கோம்? ஒரு பைக்கு எடம் பிடிச்சு வைக்க மாட்டனா?" என்றாள் அவள். சொல்லிவிட்டு, எதிர் வண்டியை இன்னும் காணோம் என்று ரயில்காரர்களை ஏச ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். யாரோ வாழைப்பழம் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்கள். விரதக்காரர்கள் வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்கென்று பையில் வைத்துக்கொண்டார்கள்.

காயல்பட்டினத்தில் பிளாட்பாரத்தில் வெள்ளைத் தொப்பியோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் நின்ற முதியவர் ஹனீபாவின் வாப்பா. செய்யது காக்கா இறங்கிப் போய் அவர் கையில் பையைக் கொடுத்தார். "ஹனீபா ஹயாத்தா இருக்கான் மாமா. உசுரோட இருக்கான். வீட்டுக்குப் போங்க, அவனே சொல்லுவான்" என்றார். முதியவர் பையை வாங்கி அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றார். வண்டி நகர்ந்துவிட்டது. 

அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மை விழுந்திருந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை.

பங்குனியில்

இரண்டு வாரம் கழித்துச் செய்யது காக்கா வண்டியில் என்னைத் தேடி வந்து கேசட்டைப் பற்றிச் சொன்னார். சண்டையைப் பற்றி ஹனீபா ஒரு வார்த்தை பேசவில்லையாம். முகம் தெரியாத பிள்ளையிடம் கொஞ்சம் பேசியிருக்கிறான். கடைசியில், "சஹன்லே என் பக்கத்தை விட்டு வைங்க" என்றானாம். சஹன் என்பது அவர்கள் வீடுகளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. அன்று முதல் அந்த வீட்டில் மூன்று பேர்தான் சஹனில் உட்காருகிறார்களாம். நாலாவது பக்கம் காலியாக இருக்குமாம்.

"பிள்ளை?" என்று கேட்டேன்.

"பொம்பளப் பிள்ளை. குரல் கேட்டா அழுகையை நிறுத்திரும்."

அந்தக் கந்த சஷ்டியோடு நான் துண்டு போடுவதை விட்டுவிட்டேன். டீச்சர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். என் கைக்குட்டையைக்கூட நான் எறியவில்லை, நின்றுகொண்டே போனேன். பிரகாசிதான் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொல்லுவாள். மூக்கைப் பொத்தவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் பார்க்காதபோது பொத்தினேன்.

சண்டை முடிந்ததாக ரேடியோவில் சொன்னார்கள். அப்பா ரேடியோவைப் பார்த்துக் கும்பிட்டார். வடை அதே அளவில்தான் இருந்தது.

பங்குனி உத்திர நெரிசலில் ஒரு காலை. வண்டி வழக்கம்போல் ஒரு மணி நேரம் தாமதம். அதே தூணுக்குப் பக்கத்தில் செய்யது காக்கா நின்றார், இந்த முறை தாடியை ஒழுங்காக வெட்டி, சட்டையில் அத்தர் மணக்க. அவர் பக்கத்தில் ஒல்லியாக, சட்டை தோளில் தொங்க, ஓர் இளைஞன். அவன் கையில் மஞ்சள் பை. அது பழைய பைதான், அவனை அழைக்க வரும்போது கொண்டுவந்தேன் என்று காக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அவன் யார் என்று அவர் சொல்லத் தேவையில்லை.

"போடும்மா" என்றார்.

"மாட்டேன் காக்கா. அன்னைக்கே விட்டுட்டேன்."

அவன் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரே ஒரு சின்ன கவுன், ரோஜா நிறம், கழுத்தில் வெள்ளைச் சரிகை. மறுபடியும் கட்டி என்னிடம் நீட்டினான்.

காலிப் பெட்டிகள் வந்தன. ஜனம் ஓடியது. நானும் ஓடினேன். ஐந்து மாதம் கழித்துப் போடுகிறேன் என்று என் கைக்குத் தெரியவில்லை. பை கம்பிகளுக்கு நடுவே நேராகப் போய் விழுந்தது.

உள்ளேயிருந்து பிரகாசியின் குரல் கேட்டது. "ஆரு பை இது? ஆள் வருதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து, ஓடி வந்த மூச்சிரைப்போடு ஒரு குரல் கத்தியது.

"வந்துட்டேன்!"

காயல்பட்டினத்தில் ஒரு வீடு ஐந்து மாதமாகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட குரல் அது. நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.